சம்பந்தி வீட்டுப் பூட்டனார்

என் மகள் கலியாணம் செய்தபோது நான் மாப்பிள்ளை வீட்டாரை விசாரிக்கவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்து ஆட்களிடையே விசாரிக்காமல் ஒரு சம்பந்தம் நடக்காது. எந்த ஊர், தாய் எந்தப் பகுதி, சகோதரங்கள் எத்தனை, ஏன் அந்த ஊரை விட்டு இந்த ஊருக்கு வந்தார்கள், வீட்டில் யாரும் இளம் வயதில் செத்தார்களா என்று ஒன்றும் விடாமல் கேட்போம். கொழும்புக்கு ஒன்று, லண்டனுக்கு ஒன்று, டொரொன்டோவுக்கு இரண்டு என்று தொலைபேசி அடித்தால் மூன்று நாளில் மூன்று தலைமுறை கைக்கு வந்துவிடும். மாப்பிள்ளை எந்த வகுப்பில் எத்தனை தரம் பெயில் விட்டான் என்பதுகூட வந்துவிடும்.

என் மருமகன் அமெரிக்காவின் வடக்கில், கோதுமை வயல்களுக்கு நடுவே பிறந்த வெள்ளைக்காரர். அவரைப் பற்றி நான் யாருக்குத் தொலைபேசி அடிப்பது? மகள் ஒரு வரியில் முடித்துவிட்டாள்.

"அம்மா, அவர் நல்லவர். அது காணாதோ?"

காணும், போதும் என்று சொன்னேன். உண்மையாகவே நல்லவர்தான். மொன்ட்ரியாலின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருக்கிற விவசாயக் கல்லூரியில் மண்ணைப் பற்றிப் படிப்பிக்கிறார். சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவுகிறார். என்றாலும் விசாரிக்காமல் விட்டது பிழை. அந்தப் பிழையை நாலு வருஷம் பிந்தித்தான் திருத்தினேன். பிந்தினாலும் குறை வைக்கவில்லை, ஐந்து தலைமுறைக்கு அப்பால் போய் விசாரித்தேன்.

அதற்குக் காரணம் சம்பந்தி அம்மா.

சம்பந்தி அம்மா கெட்டவர் அல்ல. இதை இப்போதே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் கோபத்தில் பிறகு மறந்துவிடுவேன். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை, நெட்டையானவர், முதுகு வளையாமல் இருப்பவர். பேத்தி பிறந்தபோது இரண்டு நாள் தனியே கார் ஓட்டி வந்து, பத்து நாள் நின்று, என் மகள் வீட்டு ஜன்னல் கண்ணாடிகள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போனார். நானும் அந்தப் பத்து நாளும் அங்கேதான் நின்றேன். எனக்கு அந்தக் கண்ணாடிகளில் ஊத்தை இருந்ததே தெரியவில்லை. இவ்வளவு நல்லவர்தான். ஆனால் அவருக்கு ஒரு பூட்டனார் இருக்கிறார்.

எல்லோருக்கும்தான் பூட்டனார் இருக்கிறார். ஆனால் செத்து இத்தனை காலமாகியும் சாப்பாட்டு மேசையில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிற பூட்டனாரை நான் அங்கேதான் கண்டேன். முறையாகப் பார்த்தால் அவர் என் மருமகனுக்குப் பாட்டனின் பாட்டன். தடக்குப்படாமல் இருக்க, பூட்டனார் என்றே எழுதுகிறேன்.

பூட்டனார் பிறந்தது இப்போது நாங்கள் இருக்கிற இதே மொன்ட்ரியால் தீவின் மேற்குப் பக்கத்தில், ஒரு பிரெஞ்சுக் கத்தோலிக்கக் கோயிலைச் சேர்ந்த பங்கில். இருபத்தொரு வயதில் தன்னந்தனியே எல்லை கடந்து அமெரிக்காவின் புல்வெளி நாட்டுக்குப் போயிருக்கிறார். அந்தக் காலத்தில் அங்கே குடியேறுகிறவர்களுக்கு அரசாங்கம் நிலம் எழுதிக் கொடுத்தது. இருபத்தொரு வயது ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. பூட்டனார் கையில் ஒரேயொரு கடதாசிதான் கொண்டுபோனார்: பங்குச் சுவாமி பதிவேட்டைப் பார்த்து எழுதிக் கையெழுத்து வைத்த ஞானஸ்நானப் பத்திரம். அதில் இருபத்தொன்று இருந்தது, நிலம் கிடைத்தது. புல்லோடு வெட்டிய மண்கட்டியை அடுக்கி வீடு கட்டினார், பதினொரு குளிர்காலம் அதற்குள் இருந்தார், பெயரை ஆங்கிலமாக்கினார், கத்தோலிக்கக் கோயிலை விட்டு வேறு சபைக்கும் மாறினார். அந்தப் பத்திரம் இன்றைக்கும் சம்பந்தி அம்மாவின் வீட்டுச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. கலியாணத்துக்குப் போனபோது, தண்ணீர் குடிக்க முன்னமே அதைத்தான் காட்டினார்கள்.

கலியாண விருந்தில் சம்பந்தி அம்மா எழுந்து பேசினார். "எங்கள் முன்னோர் முறையாக வந்தார், யாரிடமும் எதையும் கேட்கவில்லை" என்றார். ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன், அர்த்தம் மாறவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். முறையாக என்ற அந்தச் சொல் மட்டும் மீன் முள் மாதிரி எனக்குள் நின்றுவிட்டது.

பத்து வருஷமாக அவர் தன் குடும்ப வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். போன வருஷம் அது முடிகிற கட்டத்துக்கு வந்தது. அந்தக் குடும்பத்துக்குள் கலியாணம் செய்து வந்த ஒவ்வொரு வீட்டாருக்கும் அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார். எனக்கும் ஒரு படிவம் வந்தது. அதில் ஒரு கேள்வி: உங்கள் குடும்பம் இந்த நாட்டுக்கு எப்படி வந்தது?

அது என் கணவர் சொல்ல வேண்டிய பதில். மகளின் கலியாணத்துக்கு இரண்டு வருஷம் முன்னமே அவர் நெஞ்சு வருத்தத்தில் போய்விட்டார். சம்பந்தி அம்மா அவரைக் கண்டதே இல்லை, பேத்தியும் காணப்போவதில்லை. அந்தப் பிள்ளை வளர்ந்து தன் தாத்தாவைத் தேடினால் அந்த அரைப் பக்கத்தில்தான் தேடும். அதனால் மேசையைத் துடைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, என் ஆங்கிலத்தில் நாலு வசனம் எழுதினேன்.

என் கணவர் இன்னொரு மனிதரின் பாஸ்போர்ட்டில் வந்தார். வந்து இறங்கிய விமான நிலையத்தில், முதல் மேசையில் இருந்த அதிகாரியிடம், இது என்னுடையது அல்ல, நான் அகதி என்று சொன்னார். பிறகு என்னையும் மகளையும் கூப்பிட்டார். இருபத்திரண்டு வருஷம் உணவகச் சமையலறைகளில் நின்றபடி வேலை செய்தார்.

எழுதாமல் விட்டது இன்னும் உண்டு. பாஸ்போர்ட்டை விமானத்துக் கழிப்பறையில் கிழித்துப் போடச் சொல்லித்தான் ஏஜென்ட் அனுப்பியிருந்தான். இவர் கிழிக்கவில்லை. அது ஒரு மலேசியத் தமிழருடையது. அந்த மனிதருடைய பெயர் இருக்கிற பொருளைக் கிழிக்க எனக்குக் கை வரவில்லை என்று என்னிடம் சொன்னார். அதோடு நிற்கவில்லை. வந்து இறங்கிய நாள் வருஷாவருஷம் வரும்போது, முகம் தெரியாத அந்த மனிதரின் சுகத்துக்காகக் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஒரு பூசை ஒப்புக்கொடுப்பார். மொன்ட்ரியாலில் ஒரு சுவாமி வருஷத்துக்கு ஒருமுறை, யாரென்று தெரியாத மலேசியக்காரர் ஒருவரின் பெயரைப் பிரெஞ்சு வாயால் வாசித்து மன்றாடுவார். நாங்கள் மூன்று பேரும் முன்வரிசையில் இருப்போம். அவர் போன பிறகும் நான் அதை நிறுத்தவில்லை.

மூன்று கிழமையில் என் அரைப் பக்கம் திருத்தி அச்சடித்து வந்தது. நாலு வசனம் ஒன்றாகியிருந்தது. "நல்லதொரு வாழ்க்கையைத் தேடிக் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார்." கீழே சம்பந்தி அம்மாவின் அழகான பள்ளிக்கூடக் கையெழுத்தில் ஒரு குறிப்பு. புத்தகம் நூலகங்களுக்கும் போகுமாம். முறையற்ற வழியில் வந்தது எழுத்தில் இருந்தால் பின்னாளில் பிள்ளைக்கு நல்லதில்லையாம்.

நல்லதொரு வாழ்க்கையைத் தேடி! நல்ல வாழ்க்கை எங்களிடம் இருந்தது. இவர் தபால் கந்தோரில் வேலை செய்தார், எனக்குத் தையல் இருந்தது, வீடு இருந்தது. இவர் தேடி வந்தது உயிரை மட்டும்தான். அந்தக் கடதாசியைப் படித்தபோது, செத்துப்போன மனிதரை, ஊரில் பட்டாளம் செய்தது போல, இரண்டாம் தரம் யாரோ வரிசையிலிருந்து வெளியே இழுத்து நிறுத்தியது போல இருந்தது.  அடுப்பில் வைத்த சோறு அடிப்பிடித்தது.

மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அம்மா, விடுங்கோ. ஒரு வசனம்தானே. அவ ஒண்டும் கெட்டதுக்குச் செய்யேல்லை."

"கெட்டதுக்குச் செய்யேல்லை எண்டது எனக்கும் தெரியும். உன்ரை அப்பா என்ன, களவெடுத்தவரோ ஒளிச்சு வைக்க?"

"நான் அப்பிடிச் சொன்னனானோ? பிள்ளை பள்ளிக்கூடம் போகேக்க ஆரும் ஏதும் கேட்டால் எண்டுதான் அவ யோசிக்கிறா."

"கேட்டால் சொல்லட்டும். அப்பா முதல் மேசையிலையே சொன்னவர். இவள் சொல்ல மாட்டாளோ?"

 "நான் நடுவிலை நிக்கிறன் அம்மா" என்றாள் மகள். பாவம், அதுவும் உண்மைதான். அவளை அதற்கு மேல் இழுக்கவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு, அடிப்பிடித்த சட்டியைத் தேய்க்கத் தேய்க்க எனக்கு ஒரு யோசனை வந்தது. நீங்கள் எங்களை விசாரித்தீர்கள். நாங்களும் உங்களை விசாரிக்க வேண்டாமா? முறை என்றால் இரண்டு பக்கமும்தானே?

இங்கே என் வேலையைச் சொல்ல வேண்டும். இருபது வருஷமாக நான் மொன்ட்ரியால்-நோரில் ஒரு கோயிலின் பங்கு அலுவலகத்தில் இருக்கிறேன். கிழமையில் மூன்று நாள். முதலில் கூட்டித் துடைக்கத்தான் எடுத்தார்கள். என் கையெழுத்தைக் கண்ட பழைய சுவாமி என்னைப் பதிவேட்டு மேசைக்கு மாற்றினார். ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம் எல்லாம் எழுதுவது நான்தான். யாராவது ஞானஸ்நானப் பத்திரம் கேட்டு வந்தால் பதிவேட்டைப் பார்த்து எழுதி முத்திரை குத்திக் கொடுப்பதும் நான்தான்.

பழைய பங்குகளின் பதிவேடுகளை இப்போது படம் பிடித்துக் கணினியில் போட்டிருக்கிறார்கள். சம்பந்தி அம்மாவும் அங்கேதான் பூட்டனாரைக் கண்டுபிடித்திருந்தார். பெயரைத் தட்டினால் பக்கம் வந்து விழும். பத்திரத்தில் இருந்த பெயர், நாள், தாய், தகப்பன் எல்லாம் பொருந்தி வந்தன. கல்லறையில் வெட்டியிருந்த பிறந்த நாளும் அதுவே. அவர் சந்தோஷமாக அந்தப் பக்கத்தை அச்செடுத்துப் புத்தகத்தில் சேர்த்துவிட்டார். அதோடு நிறுத்திவிட்டார்.

எங்கள் ஆட்கள் அதோடு நிறுத்துவார்களா? மாப்பிள்ளை பிறந்தது சரி. சகோதரங்கள் எத்தனை? யாரும் இளம் வயதில் செத்தார்களா?

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அலுவலகத்தில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டத் தொடங்கினேன். இந்த நாட்டுப் பழைய பதிவேடுகளில் பிறப்பு, கலியாணம், சாவு எல்லாம் நாள் வரிசைப்படி ஒரே புத்தகத்தில் கலந்து வரும். காலையில் ஞானஸ்நானம் கொடுத்த சுவாமி பின்னேரம் அடக்கம் செய்தால், ஒன்றின் கீழ் மற்றதை எழுதுவார். பெயரைத் தட்டித் தேடுகிறவர்களுக்கு அது தெரியாது. புரட்டுகிறவர்களுக்குத்தான் தெரியும்.

பூட்டனாரின் ஞானஸ்நானம் பங்குனி மாதம். அதிலிருந்து எட்டு மாதம் புரட்டினேன். கார்த்திகையில், ஒரு கோயில் மணி செய்கிறவரின் அடக்கத்துக்குக் கீழே, சின்ன எழுத்தில் நாலு வரி. அதே பெயர். அதே தாய், அதே தகப்பன். வயது எட்டு மாதம். அடக்கம் செய்யப்பட்டது.

கையில் இருந்த கவளத்தைத் திரும்பவும் பெட்டியில் வைத்தேன்.

பிறகு நிறுத்தாமல் புரட்டினேன். அடுத்த வருஷம் அந்தத் தாய்க்கு ஒரு பெண் பிள்ளை. அதற்கு மூன்று வருஷம் கழித்து ஒரு ஆண் பிள்ளை. செத்த பிள்ளையின் பெயரையே அந்தப் பிள்ளைக்கு வைத்திருந்தார்கள். எங்கள் வீடுகளில் வைக்க மாட்டோம், நெஞ்சு பதறும். இங்கே அந்தக் காலத்தில் அது சாதாரணம். அந்த மூன்றாவது பிள்ளைக்கு அடக்கம் இல்லை. பதினேழு வருஷத்துப் பக்கங்களைப் பார்த்தேன், இல்லவே இல்லை. பிறகு அவன் அந்தப் பங்கிலேயே இல்லை.

சுவரில் தொங்குகிற பத்திரம் செத்துப்போன தமையனுடையது. தம்பி அதைக் கொண்டுபோயிருக்கிறான். இருபத்தொன்று தமையனுக்கு, தம்பிக்குப் பதினேழுதான். வேறு எந்த நாட்டு ஆட்களுக்கும் இதைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் எடுத்திருக்கும். எங்கள் ஆட்களுக்கு ஒரு நிமிஷம் போதும். எங்களில் எத்தனை தம்பிமார் அண்ணன்மாரின் கடதாசியில் வந்து இறங்கினார்கள்!

முதலில் சிரித்தேன் என்பதை மறைக்கவில்லை. பங்கு அலுவலகத்தில் தனியே இருந்து வாய்விட்டுச் சிரித்தேன். முறையாக வந்தாராம்! பக்கத்து அறையில் இருந்த சுவாமி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சிரிப்பு அடங்கின பிறகு வேறொன்று வந்தது. அந்தப் பத்திரத்தை எழுதிக் கொடுத்த சுவாமியை நினைத்தேன். பதினேழு வயதுப் பையன் முன்னால் நிற்கிறான். சுவாமிக்கு அவன் முகம் தெரியும், முதல் நன்மை என்ற நற்கருணை கொடுத்தவரே அவராக இருக்கும். பதிவேட்டைப் புரட்டுகிறார், முதலாவது பெயரைக் காண்கிறார், எழுதிக் கொடுக்கிறார். தெரியாமல் செய்தாரா, தெரிந்து செய்தாரா? அந்த மேசையில் இருப்பவள் நான். நானாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன் என்று எழுதத்தான் ஆசை. பொய் எழுத வரவில்லை. கொடுத்திருப்பேன். அன்றைக்குத்தான் அந்தப் பூட்டனாரை எனக்கு முதன்முதலாகப் பிடித்தது.

இரண்டு பக்கங்களையும் அச்செடுத்துப் பையில் வைத்தேன்.

ஆனியில் சம்பந்தி அம்மா அச்சுப்படியோடு வந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு மகள் என்னையும் கூப்பிட்டாள். பஸ், மெட்ரோ, மறுபடி பஸ் என்று இரண்டு மணித்தியாலம் போய் இறங்கினேன். ஆட்டிறைச்சிக் கறி கொண்டுபோனேன். சண்டைக்குப் போனாலும் வெறுங்கையோடு போகக்கூடாது.

சாப்பாடு முடிந்து பேத்தி நித்திரையானாள். சம்பந்தி அம்மா அச்சுப்படியை விரித்தார். முதல் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துப் பத்திரம். இரண்டாம் பக்கத்தில், ஆளில்லாத வெறும் நிலத்துக்கு அவர் வந்தார் என்று எழுதியிருந்தது.

"அங்கே முதல் யார் இருந்தார்கள்?" என்று கேட்டேன்.

மருமகன்தான் பதில் சொன்னார். அந்த மண்ணில் இருந்த மக்களை அதற்குப் பத்துப் பதினைந்து வருஷம் முன்னம் துரத்திவிட்டார்கள் என்று, தன் தாயைப் பார்க்காமல் சொன்னார். ஊரில் எங்கள் காணியிலும் பட்டாளம் முள்ளுக்கம்பி அடித்து, ஆளில்லாத நிலம் என்று பலகை வைத்தது. பலகை எழுதினவன் எங்கள் கிணற்றில்தான் தண்ணீர் குடித்தான். சம்பந்தி அம்மாவிடம் அதைச் சொன்னேன். அவர் பக்கத்தைத் திருப்பினார்.

என் அரைப் பக்கம் வந்தது. அதே ஒற்றை வசனம்.

நான் பையைத் திறந்து இரண்டு கடதாசிகளையும் மேசையில் வைத்தேன். பிரெஞ்சை ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டினேன். எட்டு மாதம். அடக்கம் செய்யப்பட்டது. பிறகு தம்பி.  மகள் என்னைப் பார்த்த பார்வையில், அம்மா ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று இருந்தது. மருமகன் கடதாசியைக் கையில் எடுத்து, திரும்பத் திரும்பப் பார்த்தார்.

சம்பந்தி அம்மாவின் கழுத்து சிவந்தது. பூட்டனாருக்கே தெரியாமல் இருந்திருக்கும், அந்தக் காலத்தில் யாருக்குச் சரியான வயது தெரியும், சுவாமி பிழையாக எழுதியிருப்பார் என்றார். ஒரு ஆசிரியை சொல்லக்கூடிய நியாயம்தான். ஆனால் அவர் முன்னமே மகளுக்கு அனுப்பியிருந்த புத்தகப் படியை நான் முழுக்க வாசித்திருந்தேன். பதினெட்டாம் பக்கத்தைத் திருப்பினேன். பூட்டனார் வயது போன காலத்தில் தன் பிள்ளைகளுக்குச் சொன்ன கதை அதில் இருக்கிறது. சின்ன வயதில், பனிக்குள் கால் புதையும் என்று, அவருடைய சகோதரி அவரைச் சறுக்குப் பலகையில் இருத்திக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போவாளாம்.

"அது அக்காவா, தங்கச்சியா?" என்று கேட்டேன்.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். அதனால் பத்து வருஷமாக யாரும் அதைக் கேட்கவில்லை. எங்களுக்கு அக்கா வேறு, தங்கச்சி வேறு. ஒருத்தி இழுப்பாள், மற்றவளை நாங்கள் இழுப்போம். பதிவேட்டில் அவருக்கு ஒரே சகோதரிதான், பத்திரத்தின்படி அவள் இவருக்கு இளையவள். இளையவள் எப்படி மூத்தவனைப் பனியில் இழுத்தாள்? இழுத்தவள் அக்கா. இருந்தவன் தம்பி. அது அவருக்குச் சாகுமட்டும் தெரிந்திருந்தது, தன் வாயாலேயே சொல்லியிருக்கிறார்.

மருமகன் சிரித்துவிட்டார். பிறகு அடக்கிக்கொண்டார்.

"அவர் ஏமாற்றுக்காரர் என்று சொல்கிறீர்களா?" என்று சம்பந்தி அம்மா கேட்டார். குரல் உடைந்திருந்தது. அவரை அப்படி நான் பார்த்ததில்லை, எனக்கு ஒரு கணம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் இருபத்திரண்டு வருஷம் நின்ற கால்கள் எனக்கு நினைவுக்கு வந்தன.

"இல்லை. அவர் என் கணவரைப் போன்றவர் என்று சொல்கிறேன்" என்றேன். "ஒரு வித்தியாசம் உண்டு. என் கணவர் முதல் மேசையிலேயே உண்மையைச் சொன்னார். உங்கள் பூட்டனார் கல்லறையிலும் சொல்லவில்லை. என் கணவர், தனக்குக் கடதாசி தந்த மனிதருக்காக வருஷாவருஷம் பூசை ஒப்புக்கொடுத்தார். உங்கள் பூட்டனார் அந்த எட்டு மாதப் பிள்ளையை எங்கேயாவது ஒரு தரம் நினைத்தாரா? உங்கள் புத்தகத்தில் அந்தப் பிள்ளை எங்கே? பூட்டனாரைப் பற்றி நீங்கள் விரும்பியபடி எழுதுங்கள், அவர் உங்கள் ஆள். என் கணவர் என் ஆள். நாலு வசனமும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் அரைப் பக்கத்தை வெள்ளையாக விடுங்கள். பேத்தி கேட்டால் ஏன் வெள்ளை என்று நான் சொல்லிக்கொள்கிறேன்."

ஆங்கிலத்தில் என் வாழ்நாளில் அவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை. இடையில் இரண்டு பிரெஞ்சுச் சொற்களும் விழுந்தன. யாரும் திருத்தவில்லை.

சம்பந்தி அம்மா அச்சுப்படியைக் கட்டிப் பெட்டியில் வைத்தார். ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். பஸ் தரிப்புவரை மகள் என்னோடு நடந்து வந்தாள்.

"கறி நல்லா இருந்தது அம்மா" என்றாள். பஸ் வருகிற நேரம் பார்த்து, "அப்பா இருந்திருந்தால் உங்களை இப்பிடிக் கதைக்க விட்டிருக்க மாட்டார்" என்றாள்.

"ஓம். அவர் தானே கதைச்சிருப்பார்" என்றேன். அவள் சிரித்தபடி என் பையை வாங்கி, நான் ஏறின பிறகு தந்தாள்.

அதன் பிறகு மூன்று மாதம் சம்பந்தி அம்மாவிடமிருந்து ஒரு சொல் இல்லை. நானும் எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் தபால்காரரைக் கண்டால் வாசலுக்கு ஓடினேன் என்பதை எழுதத்தான் வேண்டும். வெள்ளைப் பக்கம் வந்தால் என்ன செய்வேன் என்று பலமுறை யோசித்தேன். வீரமாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உண்மையில் அதைப் பார்க்க என்னால் முடிந்திருக்காது.

புரட்டாதியில் புத்தகம் வந்தது. இரண்டு பிரதி. ஒன்று எனக்கு, மற்றது பேத்திக்கு, அவள் வளரும்வரை என் பொறுப்பில் இருக்கட்டும் என்று ஒரு துண்டு. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று என் அரைப் பக்கத்தைத் தேடினேன். நாலு வசனமும் இருந்தன. என் ஆங்கிலம், என் பிழைகளோடு. இன்னொரு மனிதரின் பாஸ்போர்ட்டில் வந்தார் என்று அச்சில் இருந்தது. அந்த வரியை விரலால் தடவினேன். பிறகு அந்தச் சப்பாத்தோடேயே கதிரையில் இருந்து அழுதேன்.

முகத்தைக் கழுவிவிட்டு முதல் பக்கத்தைத் திருப்பினேன். அங்கே ஒன்றும் மாறவில்லை. அதே பத்திரம், அதே இருபத்தொன்று, முறையாக வந்தார் என்ற அதே சொல். எட்டு மாதப் பிள்ளை இல்லை. சரி, அவருடைய ஆளைப் பற்றி அவர் விரும்பியபடி எழுதலாம் என்று சொன்னவள் நானேதான். ஆனால் பேத்தி இரண்டு வீட்டுக்கும் பிள்ளை. அவள் கையில் போகிற புத்தகம் என் பொறுப்பில் இருக்கிறது.

பதிவேட்டில் ஒரு பிழை கண்டால் நாங்கள் அழிப்பதில்லை, வெட்டுவதில்லை, பக்கத்தைக் கிழிப்பதில்லை. ஓரத்தில் சரியானதை எழுதி, எழுதினவர் பெயரையும் நாளையும் போடுவோம். இருபது வருஷமாக அதுதான் என் தொழில். பேத்தியின் பிரதியை மேசையில் வைத்தேன். முதல் பக்கத்தின் ஓரத்தில் எழுதினேன்: இந்தப் பத்திரம் தமையனுடையது. அவன் எட்டு மாதத்தில் இறந்தான். தம்பி பதினேழு வயதில் இதைக் கொண்டு எல்லை கடந்தான். அவனை அக்கா பனியில் இழுத்து வளர்த்தாள். ஆங்கிலத்தில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம். கீழே என் பெயர், நாள்.

எழுதிவிட்டு ஒளித்து வைக்கிறவள் நான் இல்லை. உடனே சம்பந்தி அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். முதலில் நன்றி சொன்னேன், மனதாரச் சொன்னேன். பிறகு, பேத்தியின் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஓரக்குறிப்பு எழுதியிருக்கிறேன் என்றேன். ஒரு சொல் விடாமல் வாசித்துக் காட்டினேன்.

 வைத்துவிடுவார் என்றே நினைத்தேன். அவரோ, எந்த மையில் எழுதினீர்கள் என்று கேட்டார். நீலம் என்றால் மங்கிப்போகுமாம், பிள்ளை வளர்ந்து வாசிக்கும்போது இருக்காதாம்.

"கறுப்பில்தான் எழுதினேன்" என்றேன்.